கடலூர்த் தராசில் 22.8, மீனம்பாக்கத்தில் 24.6

ஆறு வாரம் ஊரில் இருந்துவிட்டு ஸ்டுட்கார்ட் திரும்பி நான்கு நாள் ஆகிறது. தங்கை மகள் கல்யாணம் நன்றாக நடந்தது, வங்கி வேலை ஒரே நடையில் முடிந்தது, பாடலீஸ்வரரையும் பார்த்தாயிற்று. அதையெல்லாம் எழுத மனசு வரவில்லை. கடைசி நாள் மத்தியானம் ஒரு பெட்டியை எடை போட அலைந்த கதைதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

விமானத்தில் எனக்கு அனுமதி ஒரே பெட்டி, 23 கிலோ வரை. வீட்டில் இருந்த கொக்கித் தராசில் பட்டன் செல் தீர்ந்திருந்தது. மஞ்சக்குப்பத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டில் இல்லை. மூன்றாவதில் இருந்த பையன், "ஆன்லைன்ல போட்டீங்கன்னா நாளைக்கு வந்துடும் சார்" என்றான். நாளைக்கு நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருப்பேன் தம்பி! இங்கே ஸ்டுட்கார்ட்டில் எங்கள் தெருமுனை சூப்பர்மார்க்கெட்டில் பணம் கட்டும் இடத்திலேயே அந்த செல் தொங்கும். 2021இல் மாநகராட்சி ஆன ஊரில் ஒரு பட்டன் செல் இல்லையா என்று வெயிலில் புலம்பிக்கொண்டே வந்தேன்.

அப்போதுதான் அந்த மகா யோசனை. அப்பா சேர்த்து வைத்திருந்த செய்தித்தாள்களை எப்படியும் போடவேண்டும். பழைய பேப்பர் கடையில் பெரிய எலக்ட்ரானிக் தராசு உண்டு. பேப்பரைப் போட்ட கையோடு பெட்டியையும் ஏற்றிப் பார்த்துவிட்டால் ஆயிற்று. ஆட்டோவில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கடைக்கார அண்ணன் நல்ல மனிதர். டீ வாங்கித் தந்தார், ஜெர்மனியில் பழைய பேப்பர் என்ன விலை போகும் என்று கேட்டார். அங்கே பெரும்பாலும் யாரும் விலைக்கு வாங்குவதில்லை, நாமாகவே கொண்டுபோய்த் தொட்டியில் போடவேண்டும் என்றதும் என்னை நிஜமான பரிதாபத்தோடு பார்த்தார். பாட்டிலுக்கு மட்டும் காசு உண்டு, பிளாஸ்டிக் பாட்டிலை மெஷினுக்குள் விட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் என்று சீட்டு வரும் என்று நாட்டின் மானத்தைக் காப்பாற்றினேன். பேப்பர் 14 கிலோ வந்தது. கிலோ 12 ரூபாய் மேனிக்கு 168 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். பெட்டியை அவரே தூக்கி வைத்தார். 22.8. "அப்புறம் என்ன தம்பி, இன்னும் இருநூறு கிராம் வாங்கலாம்" என்றார். நானும் போய் இருநூறு கிராம் பண்ருட்டி முந்திரி வாங்கிச் செருகினேன்.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்றும் சொல்லவேண்டும். அம்மா ஆசையாகச் செய்த பால்கோவாவை வீட்டிலேயே விட்டுவிட்டேன். வெளியிலிருந்து வரும் பயணி பால், இறைச்சிப் பண்டம் எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக்கூடாது. ஆனால் மீன் வகை 20 கிலோ வரை வரலாம்! இந்தச் சட்டத்தை எழுதியவருக்கு மீன்பிடித் துறைமுகம் இருக்கும் எங்கள் முதுநகர்ப் பக்கம் உறவு இருக்கவேண்டும். நெத்திலியும் சுறாவுமாக மூன்று கிலோ கருவாடு, ஐந்து சுற்று பிளாஸ்டிக் உறைக்குள். பலாச்சுளை கிடையாது, பழங்களுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். கொல்லையில் நின்ற எங்கள் பலாவும் 2011 தானே புயலில் சாய்ந்தது, அதன் இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி.

சாயங்காலம் கார் கிளம்பியது. புதுச்சேரி எல்லை தாண்டியதும் பாட்டில் சோதனைக்கு நிறுத்தினார்கள். டிக்கியைத் திறந்தவர் வாசனை பட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போங்க, போங்க" என்றார். பயணத்திலேயே வேகமாக நடந்த அரசுச் சேவை அதுதான்.

மீனம்பாக்கம். கவுன்ட்டரில் பெட்டியை வைத்தேன். 24.6. முந்திரியைச் சேர்த்தால் 23 வந்திருக்கவேண்டும். "உங்க மெஷின்தான் தப்பு" என்று நான் சொன்னதற்கு அந்தப் பெண் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. பக்கத்துக் கவுன்ட்டரைக் காட்டினார். அங்கேயும் 24.6. கூடுதலுக்குச் சொன்ன கட்டணத்தில் இன்னொரு பெட்டி முந்திரியே வாங்கலாம்.

தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். பின்னால் நின்ற வரிசை தானாக இரண்டடி நகர்ந்தது. ஊறுகாயும் மிளகாய்த் தூளும் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள். முந்திரி முழுவதும் முதுகுப் பைக்குப் போனது. முறுக்கைக் குளிர்கோட்டின் நான்கு பைகளிலும் திணித்து, கோட்டை மாட்டிக்கொண்டேன். சென்னைப் புழுக்கத்தில் குளிர்கோட்டு. கடைசியில் அம்மா எனக்குத் தெரியாமல் அடியில் வைத்திருந்த சின்ன மாக்கல் சட்டியையும் கையில் எடுத்துக்கொண்டேன். பாதுகாப்புச் சோதனையில் அதைத் தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள்.

விமானத்தில் முறுக்கு மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. பேப்பர் கடைக்காரர் எடை போட்டு வாங்குகிறவர். அவர் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். சட்டப்படி எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடவேண்டும், தொழிலாளர் துறைதான் அதைப் பார்க்கிறது. இருபது வருஷம் முத்திரைத் தராசுகளுக்கு நடுவே வாழ்ந்தவனுக்கு இந்த அடிப்படைப் பாடம் மறந்துபோயிருக்கிறது. இருபத்துமூன்றுக்கு ஒன்றரைக்கு மேல் குறைந்தால் பதினான்குக்கு எவ்வளவு? ஆக, செய்தித்தாளிலும் ஒரு கிலோ போயிருக்கிறது.

வந்து சேர்ந்ததும் அம்மாவிடம் சொன்னேன். போனில் சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

"அங்க ஏண்டா போன? முந்திரிக் கடைக்குத்தானே போன, அந்தத் தராசுல வெச்சிருக்கலாமில்ல? அவன் விக்கிறவன்டா. இருபத்துமூணுன்னு காட்டினா இருபத்திரெண்டுதான் இருக்கும்."