கறுப்பு வட்டமா, வெள்ளிப் பொட்டா, ஆணியில் சுற்றிய கம்பியா?

"காந்தம் எப்படி மாமா இழுக்குது?" என்று கேட்டாள் நாலாவது படிக்கும் அக்கா மகள். வாயால் சொன்னால் போதாது என்று, பெங்களூர் அல்சூரிலிருந்து பஸ் பிடித்து, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போய் மூன்று விதமாக வாங்கி வந்தேன்.

முதலில் பழைய ஸ்பீக்கரின் பின்னால் இருக்குமே, அந்தக் கறுப்பு வட்டம். ஃபெரைட் என்பார்கள். இரும்பு ஆக்சைடோடு ஸ்ட்ரான்ஷியமோ பேரியமோ சேர்த்துச் சுட்ட ஒரு வகைப் பீங்கான். பாலித்தீன் பையில் போட்டு மணலில் துழாவினால், பைக்கு மீசை முளைத்த மாதிரி கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டும், பித்தளைக் குத்துவிளக்கு ஒட்டாது. எது ஒட்டும், எது ஒட்டாது என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க இதுதான் சரி. கீழே விழுந்தால் உடையும். உடைந்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் வடதுருவம், தென்துருவம் இரண்டும் இருக்கும்.

வெள்ளி போலப் பளபளக்கும் பொட்டு, நியோடிமியம் என்ற உலோகம் சேர்த்த காந்தம், 1980-களில் வந்தது. இயர்போனுக்குள்கூட இருக்கிறது. பலத்தில் கறுப்பு அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் சின்னப் பிள்ளைகள் கையில் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடலையே ஓட்டையாக்கிவிடும். எங்கள் வீட்டில் அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

இந்த இரண்டும் இழுப்பதைக் காட்டும். ஏன் இழுக்கிறது என்பதைக் காட்டாது. அதற்கு ஆணிதான். மின்சாரம் ஓடும் கம்பி திசைகாட்டி முள்ளைத் திருப்புகிறது என்று 1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் கண்டதுதான் இதற்கு ஆரம்பம். இரும்பாணியில் எனாமல் செப்புக்கம்பியை ஐம்பது சுற்று சுற்றி, 1.5 வோல்ட் பேட்டரியில் தொட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, கம்பியின் இரண்டு முனையிலும் மின்சாரத்தைத் தடுக்கும் எனாமல் பூச்சைச் சுரண்டவே இல்லை. உப்புத்தாளால் தேய்த்துத் தொட்டதும் குண்டூசிகள் கொத்தாக ஏறின! கம்பி சீக்கிரம் சூடாகும், பத்து விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது.

இரும்புக்குள்ளே குட்டிக் குட்டிக் காந்தப் பகுதிகள் ஏராளம். சும்மா இருக்கும்போது ஆளுக்கொரு திசையைப் பார்க்கும். ஒன்றின் இழுப்பை இன்னொன்று அடித்துவிடும். மின்சாரம் வந்ததும் பள்ளிக்கூடப் பிரேயரில் மாதிரி எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும். கறுப்பு வட்டத்தில் அவை திரும்பியபடியே உறைந்துபோனவை.

பேட்டரியிலிருந்து கம்பியை எடுத்ததும் ஊசிகள் உதிர்ந்தன. ஒன்று மட்டும் தொங்கியது.

"இது ஏன் மாமா விழல?"

"கொஞ்சம் பகுதி இன்னும் கலையாம அப்படியே நிக்குது. ஆணியைத் தரையில தட்டு."

நாலு தட்டு தட்டினாள். விழுந்தது.