சோடர்பேர்க்கா, முன்சுட்ட அனோடா?

உப்புவெளித் தேத்தண்ணிக் கடையில் அண்ணன் அலுமினியக் கேத்திலைத் தட்டி, "இதில ஒரு கிலோவுக்கு எவ்வளவு கறண்ட் போகும், தம்பி?" என்றார். ஏறக்குறைய 14 யூனிட். கனடாவின் கிற்றிமற் அலுமினிய உருக்காலை 1954 முதல் கெமானோ நீர்மின்சாரத்தை நம்பியிருப்பது அதனால்தான்.

தொட்டிக்குள் அனோடு என்ற கரிமுனை வழியாகக் கறண்ட் பாய்ச்சித்தான் அலுமினியத்தைப் பிரிக்கிறார்கள். அந்த அனோடைச் செய்ய அங்கே பழையது சோடர்பேர்க் முறை. பெற்றோலியக் கோக் கரியும் கீலும் குழைத்த களியைத் தொட்டியின் மேலே போட்டால், தொட்டிச் சூட்டிலேயே வெந்து அனோடாகும். தனிச் சூளை வேண்டாம், செலவு குறைவு. ஆனால் கீல் புகை வேலையாளின் மூக்குக்குத்தான். அதில் புற்றுநோய் தரும் பொருட்கள் உண்டு.

முன்சுட்ட முறையில் அனோடுக் கட்டிகள் வேறு சூளையில் வெந்து வருகின்றன. தேய்ந்ததைச் சில வாரங்களுக்கொருமுறை மாற்ற வேண்டும். தொட்டிக்கு மூடி இருப்பதால் புகையைப் பிடித்துச் சுத்திகரிக்கலாம். முதலீடுதான் பெரிது. கிற்றிமற் 2015இல் இதற்கு மாறியபோது கொள்ளளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,20,000 தொன்னானது. ஒட்டுமொத்த மாசு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்று நிறுவனம் சொல்கிறது.

மலிவான நீர்மின்சாரம் இருந்தால் பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டத் தோன்றும். நான் புதியதையே எடுப்பேன்: அதே தண்ணீர் தரும் கறண்டில் கூடுதல் உலோகம்.

கறண்ட் பல மணிநேரம் நின்றால் மட்டும் இரண்டும் ஒன்றுதான், தொட்டிக்குள் உருகியிருப்பது உறைந்துவிடும். "அப்ப எங்கட ஊருக்குச் சரிவராது" என்றார் அண்ணன்.