கொல்கத்தா மதர் ஹவுஸ்: வியாழக்கிழமை போகாதீர்கள்

எங்களைக் கூட்டிப்போன டூர்க்காரர் சரியாக வியாழக்கிழமை பார்த்து மதர் ஹவுஸ், அதாவது அன்னை தெரேசா தொடங்கிய மிஷனரிஸ் ஆஃப் சாரிட்டி சபையின் தலைமை இல்லத்து வாசலில் இறக்கிவிட்டார். கதவு சாத்தியிருந்தது. பார்வையாளர்களுக்கு அன்று விடுமுறையாம். சரி என்று மறுநாள் காலை நானும் அம்மாவும் டாக்சி பிடித்துத் திரும்பப் போனோம். 54ஏ, ஏ.ஜே.சி. போஸ் ரோடு. கட்டணம் கிடையாது.

தரைத்தளத்திலேயே அன்னை தெரேசாவின் கல்லறை. வேலைப்பாடு எதுவும் இல்லாத வெள்ளைக் கல், மேலே பூக்கள். அம்மா உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துவிட்டார். நான் பக்கத்துக் காட்சி அறைக்குப் போனேன்.

இருபது வருஷமாகப் புடவைக் கடையில் வேலை பார்க்கிறவள் நான். கண் நேராகப் புடவைக்குத்தான் போகும். வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் மூன்று நீலக் கோடு, அதில் ஒன்று மட்டும் அகலம். 1948-இல் அன்னை, தான் அதுவரை இருந்த லொரேட்டோ கன்னியர் சபையின் உடுப்பை விட்டு இந்த மாதிரிப் புடவையைக் கட்டிக்கொண்டுதான், தான் பாடம் நடத்திய என்டாலி பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த மோத்திஜீல் சேரிக்குள் போனார். சபைக்கான புடவைகளை டிட்டாகரில் தொழுநோயாளிகள் நெய்கிறார்கள். ஜரிகை, பார்டர் என்று சொல்லிச் சொல்லி விலை ஏற்றிப் பழகிய எனக்கு, இதற்கு என்ன விலை சொல்வது என்றே பிடிபடவில்லை.

1950 அக்டோபர் 7-இல் சபை தொடங்கியது. சாகும் நிலையில் இருப்பவர்களுக்கான காளிகாட் நிர்மல் ஹிருதய் இல்லம் 1952-இல். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடு, அதாவது துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு, பொதுவாகத் துறவற சபைகளில் உண்டு. இங்கே நான்காவதாக ஒன்று: ஏழையிலும் ஏழைக்கு முழுமனதோடு, இலவசமாகப் பணி செய்வது. ‘இலவசம்’ என்பதை எங்கள் கடையில் ஆடித் தள்ளுபடிக்குத்தான் எழுதி ஒட்டுவோம்.

தவறவிடக் கூடாதது மாடியில் உள்ள அன்னையின் அறை. சின்னக் கட்டில், மேஜை, அவ்வளவுதான். நேர் கீழே சமையலறை, மின்விசிறியும் கிடையாது. வாசலில் நின்றுதான் பார்க்கலாம், படமெடுக்கக் கூடாது. மே மாதம், ஐந்து நிமிஷத்தில் என் ரவிக்கை நனைந்துவிட்டது. 1953-இல் இந்த வீட்டுக்கு வந்தவர், 1997 செப்டம்பர் 5-இல் இங்கேயேதான் இறந்தார்.

மதியம் 12 மணிக்குச் சாத்தினால் 3 மணிக்குத்தான் திறப்பார்கள்; காலையிலேயே போய்விடுங்கள். நாங்கள் கிளம்பும்போது அம்மா இன்னும் ஜெபமாலையின் நாலாவது பத்து மணிகளில்தான் இருந்தார்.