2024-இல் ஒரு டெராபைட்டுக்கு மாதம் 360 ரூபாய்: ஸ்டோர்ஜ் சேமிப்புச் சேவை குறித்து

சைதாப்பேட்டையில் என் தந்தை நடத்திய போட்டோ ஸ்டுடியோவின் நெகட்டிவ்களில் பெரும்பகுதியை 2015 டிசம்பர் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. எஞ்சியவற்றை ஸ்கேன் செய்து, பிற்காலத்து டிஜிட்டல் படங்களையும் சேர்த்தபோது ஒரு டெராபைட் அளவுக்கு ஏறத்தாழ 4 லட்சம் கோப்புகள் தேறின. ரிச்சி தெருவில் ஆறாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய ஹார்ட் டிஸ்க்கில் அவற்றை வைத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி வீட்டுக்குள்ளும் தண்ணீர் வர, அந்த டிஸ்க்கைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவைத்த இரவில்தான், இன்னொரு பிரதி இந்த ஊருக்கு வெளியே இருந்தாக வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

அதற்காக நான் தேர்ந்தெடுத்தது, பலருடைய கணினிகளில் உள்ள காலி இடத்தை இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் ஸ்டோர்ஜ் என்ற இணையச் சேவை. 2024 ஜனவரியில் நான் சேர்ந்தபோது அதன் விலை, ஒரு டெராபைட்டைச் சேமிக்க மாதம் 4 டாலர், அதைத் திரும்ப இறக்கிக்கொள்ள 7 டாலர். அன்றைய மதிப்பில் முறையே 332 ரூபாயும் 581 ரூபாயும் ஆகும். அமேசானின் இணையச் சேமிப்புச் சேவையான எஸ்3-இன் மும்பை மையத்தில் அதே அளவைச் சாதாரண வகையில் வைத்திருக்க அப்போது மாதம் 25 டாலரும், முழுவதையும் வெளியே எடுக்க நூறு டாலருக்கு அருகிலும் ஆகியிருக்கும். இந்த இடைவெளி எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றியது. ஆனால் கூகுளின் சேமிப்புத் திட்டமான கூகுள் ஒன் அப்போது 2 டெராபைட்டை மாதம் 650 ரூபாய்க்குத் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுப் படங்களைக் கைப்பேசியில் பார்க்க மட்டும் இடம் தேடுபவருக்கு, விலையை முன்னிட்டு இங்கே வர வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

நான் வந்ததற்குக் காரணம் அதன் அமைப்பு. கோப்பு முதலில் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது. பிறகு அதன் ஒவ்வொரு பகுதியும், நான் சேர்ந்தபோதைய முறைப்படி, 80 துண்டுகளாகப் பல நாடுகளில் உள்ள தனியார் கணினிகளுக்குப் பிரிந்து செல்கிறது. அவற்றில் ஏதேனும் 29 துண்டுகள் கிடைத்தாலே அந்தப் பகுதியை மீட்டுவிடலாம். கிரிப்டோ நாணயங்களின் பொதுக் கணக்கேடான பிளாக்செயினில் படங்கள் இருப்பதில்லை. இடம் கொடுப்பவர்களுக்குக் கூலி வழங்குவதற்கே எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இயங்கும் ஸ்டோர்ஜின் கிரிப்டோ டோக்கன் பயன்படுகிறது.

அப்போதைய விலைப்பட்டியலில் பலர் கவனிக்காத ஒரு வரி இருந்தது. 64 மெகாபைட் வரையிலான ஒவ்வொரு பகுதிக்கும் மாதம் 0.0000088 டாலர் தனிக் கட்டணம்; எவ்வளவு சிறிய கோப்பும் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது. என் 4 லட்சம் சிறு கோப்புகளை அப்படியே ஏற்றினால் இதற்கு மட்டும் 3.52 டாலர், அதாவது சேமிப்புக் கட்டணத்துக்குச் சற்றே குறைவான தொகை ஆகும் என்று கணக்கிட்டேன். ஆண்டுவாரியாக 2 ஜிகாபைட் பொதிகளாகக் கட்டியபின் அது 14 சென்ட்டாக இறங்கியது. ஏற்றும் வழியும் அவ்வாறே முக்கியம். ஸ்டோர்ஜின் மென்பொருளை நேரடியாகப் பயன்படுத்தினால், துண்டாக்கும் வேலை நம் கணினியிலேயே நடப்பதால், ஒரு டெராபைட்டுக்கு ஏறத்தாழ 2.7 டெராபைட் வெளியே போயிருக்கும். என் வீட்டு இணைப்பின் மாத வரம்பே 3.3 டெராபைட் என்பதால், துண்டாக்கும் வேலையைத் தன் பக்கத்திலேயே செய்துகொள்ளும், எஸ்3 முறையில் கோப்புகளை வாங்கும் ஸ்டோர்ஜின் சொந்த நுழைவாயில் வழியே இரவு நேரங்களில் ஏற்றினேன்.

அந்த டோக்கனில் பணம் செலுத்தினால் ஸ்டோர்ஜ் அப்போது 10 சதவீதம் கூடுதலாக வரவு வைத்தது என்பதால் அதையும் முயன்றேன். கிரிப்டோ நாணயம் வாங்கித் தரும் ஒரு நிறுவனத்தில் அடையாளச் சான்றுகளை மூன்று முறை அனுப்பியும் இரண்டு வாரங்கள் கணக்கு திறக்கப்படவில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு மனிதர்கூடப் பதில் சொல்லவில்லை. அதற்குள் கிரிப்டோவுக்கு 2022 முதல் நடைமுறையில் உள்ள 30 சதவீத ஆதாய வரியையும் 1 சதவீத டிடிஎஸ் பிடித்தத்தையும், எத்தீரியப் பரிமாற்றக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்து, சில நூறு ரூபாய்க்கு அந்த வழி வீண் என்று விட்டுவிட்டேன். கடன் அட்டையில் அயல்நாட்டுச் செலாவணிக் கட்டணத்தையும் அதன்மேல் ஜிஎஸ்டியையும் சேர்த்து, எனக்கு மாதம் ஏறத்தாழ 360 ரூபாய் வந்தது.

இதே வகையான மற்ற சேவைகளையும் அப்போது பார்த்தேன். ஃபைல்காயினில் சேமிப்பு விலை சில வேளைகளில் பூஜ்யத்துக்கு அருகில் இருந்தது. உண்மையான பயனருடையது என்று சரிபார்க்கப்பட்ட தரவை வைத்திருப்பவருக்கு, வெகுமதியைக் கணக்கிடும்போது வலைப்பின்னலே பத்து மடங்கு மதிப்பு தந்ததுதான் காரணம். ஆயினும் அங்கே அடிப்படை அலகு 32 ஜிபி பெட்டகம் என்பதால், என்னைப் போன்ற சிறிய பயனர் இடைத்தரகர் வழியாகவே போக வேண்டியிருந்தது. நிரந்தரச் சேமிப்பு என்று சொல்லும் ஆர்வீவில் ஒரே முறை கட்டணம்தான், ஆனால் அப்போது ஒரு டெராபைட்டுக்குச் சில ஆயிரம் டாலர்; தேர்ந்தெடுத்த நூறு படங்களுக்கு அது சரிவரும், முழுத் தொகுப்புக்கு வராது.

ஸ்டோர்ஜில் சேர நினைப்பவர் அன்றைய விலைப்பட்டியலைப் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே உள்ளவை நான் சேர்ந்த காலத்து எண்கள். சோதனைக்காக 1987 என்று பெயரிட்ட பொதியை இறக்கிப் பிரித்தபோது, ஒரு கல்யாண வரிசையின் முப்பத்தாறு படங்களும் பழுதின்றி வந்தன. நாமே வைத்திருக்கும் மறையாக்கக் கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டால் அந்நிறுவனத்தாலும் மீட்டுத்தர இயலாது. அதைக் காகிதத்தில் இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றை வங்கி லாக்கரிலும் மற்றொன்றைத் தாம்பரத்தில் இருக்கும் என் தங்கையிடமும் கொடுத்துவைத்திருக்கிறேன்.