குரங்கு ஆய்வேட்டுக்குப் பதக்கமா, காட்டுக்குப் போக முன்பணமா?

முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றை முழுதாகப் படிப்பவர்கள் எத்தனை பேர்? எழுதியவர், நெறியாளர், தேர்வாளர்கள் இரண்டு மூன்று பேர். அதற்கப்புறம் அது நூலக அலமாரியில் போய் உட்கார்ந்துவிடும். எந்தத் துறையிலும் இதுதான் கதை. குரங்கினங்களைப் பற்றிய ஆய்வேடு என்றால் எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக மனம் கஷ்டப்படும். விடியுமுன் எழுந்து, ஒரு கூட்டத்தின் பின்னால் நாள் முழுக்க நடந்து, முகத்தையும் வாலையும் பார்த்து ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, மூன்று நான்கு ஆண்டுகள் எழுதிய குறிப்புகள் அதில் இருக்கும். அதனால் இந்த ஆய்வேடுகளைத் தேடிப் பிடித்துப் பாராட்டும் அமைப்புகள் இருப்பது பெரிய விஷயம். ஆனால் எல்லாப் பாராட்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எதை எப்போது பாராட்டுகிறார்கள் என்பதில் நிறைய வேறுபாடு இருக்கிறது.

முதலில் பிரிட்டன். அங்குள்ள குரங்கினச் சங்கம் 1967இல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ஜான் நேப்பியர். அவர் பெயரில் தரப்படும் நேப்பியர் நினைவுப் பதக்கம், அண்மையில் முனைவர் பட்டம் முடித்தவரின் சிறந்த ஆய்வேட்டுக்கானது. நேப்பியர் காட்டில் குரங்கின் பின்னால் அலைந்து பெயர் வாங்கியவர் அல்ல, உடற்கூறு படித்தவர். சுத்தியலை இறுக்கிப் பிடிக்கும் பிடி வேறு, ஊசியை விரல் நுனியில் பிடிக்கும் பிடி வேறு என்று 1956இல் கையின் வேலையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். 1964இல் ஹோமோ ஹாபிலிஸ் என்ற ஆதி மனித இனத்துக்குப் பெயர் சூட்டிய மூவரில் அவரும் ஒருவர். எலும்பையும் விரலையும் பார்த்தே இவ்வளவு சொன்ன ஒருவரின் பெயர் இந்தப் பதக்கத்துக்கு இருப்பது எனக்குப் பிடிக்கும். குரங்கு ஆய்வு என்றாலே காடுதான் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பெயரே பதில்.

அடுத்தது ஜெர்மனியின் கெட்டிங்கன். 1977இல் உருவான ஜெர்மன் குரங்கின மையம் அங்கே இருக்கிறது. அதன் ஆதரவாளர் கழகமும் சிறந்த முனைவர் ஆய்வேடுகளுக்குப் பரிசு தருகிறது. இங்கே சிக்கல் வேறு மாதிரி. அந்த மையத்துக்குள் தொற்றுநோய் ஆய்வு, நரம்பியல், குரங்குகளின் நடத்தையும் பரிணாமமும் என மூன்று பெரிய பிரிவுகள். மடகாஸ்கரின் கிரிந்தி காட்டில் லெமூர்களைப் பார்ப்பவர்களும் செனகலில் கினி பபூன்களைப் பார்ப்பவர்களும் அதே மையத்துக்காரர்கள். ஆய்வகத்தில் ஒரு கேள்வியை வைத்து, அதற்கென்றே சோதனையை அமைத்து, சுத்தமான வரைபடத்தோடு முடியும் ஆய்வேடு ஒரு பக்கம். மழை, பழம் காய்க்காத ஆண்டு, கூட்டம் திடீரென இடம் மாறியது என்று பாதி கணக்கு கையை விட்டுப் போன கள ஆய்வேடு இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் சுத்தமானதுதான் கண்ணுக்கு முதலில் படும். நடுவர்கள் அதைத் தாண்டிப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால், வெவ்வேறு பிரிவுக்காரர்கள் ஒருவர் வேலையை மற்றவர் முழுதாகப் படிக்கும் அரிய வாய்ப்பு அது. பதக்கமும் பணமும் இதற்குப் பிறகுதான்.

சரி, இந்த இரண்டு விருதுக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. ஆய்வேடு முடிந்த கையோடு தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. அது எவ்வளவு கடினம் என்பதற்கு அனுமன் மந்திகளின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பில்லிஸ் ஜே என்ற அமெரிக்கர் 1950களின் கடைசியில் வட, மத்திய இந்தியாவில் இந்த மந்திகளைக் கவனித்து, 1963இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் பார்த்தது பெரும்பாலும் அமைதியான குடும்ப வாழ்க்கை. கிட்டத்தட்ட அதே காலத்தில் கர்நாடகத்தின் தார்வாரில் இருந்த ஜப்பானியர் யுகிமாரு சுகியாமா வேறொன்றைப் பார்த்தார்: வெளியிலிருந்து வந்து கூட்டத்தைக் கைப்பற்றிய கடுவன் குட்டிகளைக் கொன்றது. அப்புறம் சாரா பிளாஃபர் ஹர்டி வந்தார். கூட்ட நெரிசல்தான் இந்தக் கொலைக்குக் காரணமாக இருக்கும் என்று எண்ணி ராஜஸ்தானின் அபு மலைக்குப் போனவர் அவர். 1971 முதல் பார்க்கப் பார்க்க அந்த எண்ணமே உடைந்தது. குட்டியை இழந்த தாய் சீக்கிரம் மறுபடி கருத்தரிப்பாள், புதிய கடுவனுக்குத் தன் குட்டி கிடைக்கும், இது அவனுக்கு லாபமான உத்தி என்று 1975இல் ஹார்வர்டில் தந்த ஆய்வேட்டில் வாதிட்டார். கடும் எதிர்ப்பு வந்தது. மனிதர்கள் நெருக்கியதால் வந்த கோளாறு இது, இயல்பு நடத்தை அல்ல என்றார்கள். எதிர்த்தவர்களில் முன்பு ஜே ஆக இருந்து, பிறகு டோலினோ ஆன அதே பில்லிஸும் ஒருவர்.

1976இல் ஒரு நடுவர் குழு உட்கார்ந்து இந்த இரண்டு ஆய்வேடுகளையும் ஒப்பிட்டிருந்தால் எதற்குப் பரிசு தந்திருக்கும்? எனக்கு உறுதியில்லை. ஹர்டியின் வாதத்துக்கு வலுவான மரபணுச் சான்று 1999இல்தான் வந்தது. கரோலா போரிஸும் அவருடன் வேலை செய்தவர்களும் நேபாளத்தின் ராம்நகரில் மந்திகளின் டிஎன்ஏவை ஆராய்ந்து, தாக்கிய கடுவன்கள் அந்தக் குட்டிகளின் தந்தை அல்ல என்று காட்டினார்கள். 24 ஆண்டு இடைவெளி. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஜேயின் ஆய்வேடு பொய்யாகிவிடவில்லை. அவர் பார்த்த கூட்டங்கள் உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்தன. நல்ல கவனிப்பு காலாவதி ஆவதில்லை. அதற்குத் தரும் விளக்கம்தான் மாறுகிறது. நான் நடுவராக இருந்தால், தான் கொண்டுபோன ஊகத்தைத் தன் தரவே உடைத்ததை ஒளிக்காமல் எழுதிய ஆய்வேட்டுக்குத்தான் முதல் மதிப்பெண்.

ஜப்பானின் வழி இந்தக் குறையை ஓரளவு சமாளிக்கிறது. ஜப்பான் குரங்கினச் சங்கம் தரும் தகாஷிமா விருது இளம் ஆய்வாளர்களுக்கானது. ஒரே ஓர் ஆய்வேட்டோடு கணக்கை முடிக்காமல், அவர்கள் செய்துவரும் வேலையைப் பார்க்கிறது. 1948 முதல் கோஷிமா போன்ற இடங்களில் ஒவ்வொரு குரங்குக்கும் பெயர் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துவரும் நாட்டுக்கு இந்தப் பொறுமை இயல்பாக வந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் பட்டம் முடித்த கையோடு வேலை கிடைக்காமல் துறையை விட்டே போய்விட்டவருக்கு இந்த விருது எட்டாது. அவர் எழுதிய ஆய்வேடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. அந்த இடத்தில் நேப்பியர் பதக்கம்தான் நியாயமானது.

இவை எல்லாவற்றுக்கும் எதிர்முனையில் இருப்பது, முன்னாலேயே கொடுக்கும் பணம். 1960இல் ஜேன் குடால் சிம்பன்சிகளைப் பார்க்க இன்றைய தான்சானியாவின் கோம்பே காட்டுக்குப் போனபோது அவரிடம் பட்டம் எதுவும் கிடையாது. ஆதி மனிதர்களின் எலும்புகளைத் தேடி ஆராய்ந்த லூயிஸ் லீக்கி கேட்டதற்கு வில்கி அறக்கட்டளை ஆறு மாதத்துக்குப் பணம் கொடுத்தது. ஜூலையில் போனவர் நவம்பரில், சிம்பன்சி ஒன்று தண்டைக் கருவியாக்கிக் கரையான் பிடிப்பதைப் பார்த்துவிட்டார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் அதற்குப் பல ஆண்டு கழித்துத்தான். ஆய்வேட்டுக்குக் கொடுக்கும் பரிசு மட்டுமே இருந்த உலகமாக இருந்தால் அவர் கோம்பேவுக்கே போயிருக்க மாட்டார்.

1968இல் தொடங்கிய லீக்கி அறக்கட்டளை இந்த வழியைத்தான் பிடித்திருக்கிறது. முனைவர் பட்ட மாணவர்களின் கள ஆய்வுக்கு அது நிதி தருகிறது. அதோடு, உயர்கல்வி வாய்ப்பு குறைவான நாடுகளிலிருந்து வருபவர்களுக்கென்று 1978 முதல் பால்ட்வின் உதவித்தொகையும் இருக்கிறது. இதன் பலவீனமும் வெளிப்படையானது. நன்றாக விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் முந்திக்கொள்வார். கேள்வியை அழகாக எழுதுவதும், நான்கு ஆண்டு கழித்து நேர்மையான பதிலைக் கொண்டுவருவதும் வேறு வேறு திறமைகள். இரண்டாவதைக் கண்டுபிடிக்க ஆய்வேட்டை முழுதாகப் படித்தே ஆக வேண்டும்.

அப்படியானால் எது மேல்? ஒரு நாட்டில் கள ஆய்வுக்கே பணம் இல்லை என்றால் பதக்கத்தைப் பற்றிப் பேசுவது வீண். முன்பணம்தான் முதலில். பணம் ஓரளவு கிடைக்கும் இடத்தில், முழு ஆய்வேட்டையும் படித்துத் தரும் விருதுக்கே என் ஓட்டு. ஆனால் முடிந்த ஆண்டிலேயே கொடுக்காமல் பத்து ஆண்டு பொறுத்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நம் சோலைமந்தியையே (சிங்கவால் குரங்கு) எடுத்துக்கொள்ளுங்கள். பெண் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று ஆண்டு விடுகிறது. ஒரு முனைவர் பட்ட காலத்தில் ஒரு தாய்க்கு ஒரு பிரசவம் பார்த்தால் அதிகம். அஜித் குமார் ஆனைமலைக் காட்டில் அந்த மந்திகளின் வாழ்வையும் எண்ணிக்கையையும் கணக்கிட்டு 1987இல் கேம்பிரிட்ஜில் சமர்ப்பித்த ஆய்வேட்டை, சோலைமந்தியைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள்.