ஃபிலடெல்ஃபியா போகிறவர்கள் கவனத்திற்கு: ஒரு டாலர் டிக்கெட்டை 59 டாலருக்கு விற்கிறார்கள்

ஊரிலிருந்து வந்த பெற்றோரை ஃபிலடெல்ஃபியா அழைத்துப் போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இண்டிபெண்டன்ஸ் ஹாலுக்குள் போவதற்கான டிக்கெட், தேசியப் பூங்காத் துறையின் முன்பதிவுக் கட்டணமான ஒரு டாலர்தான். விரிசல் விட்ட புகழ்பெற்ற மணியான லிபர்ட்டி பெல்லைப் பார்க்க அந்த ஒரு டாலர்கூட வேண்டாம், டிக்கெட்டே கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்து ஆளுக்கு 59 டாலர் என்று எங்களிடம் ஒரு இணையதளம் வாங்கியது. ஐந்து பேருக்கு 295 டாலர். வாங்கிய பிறகு ஹாலுக்குள் அழைத்துப் போகவும் இல்லை.

கூகுளில் இண்டிபெண்டன்ஸ் ஹால் டிக்கெட் என்று தேடினால் விளம்பரமாக மேலே வந்து நிற்கும் வகையைச் சேர்ந்த தளம் அது. பார்க்க அரசுத் தளம் போலவே இருந்தது. 1776இல் அமெரிக்க விடுதலை அறிவிப்பும் 1787இல் அரசியல் சாசனமும் கையெழுத்தான அந்த மண்டபத்தின் உட்புறப் படம், பச்சைத் துணி விரித்த மேசைகளோடு, பக்கத்தின் உச்சியில் பெரிதாக இருந்தது. "இண்டிபெண்டன்ஸ் ஹால், லிபர்ட்டி பெல் டூர், பஸ் பயணத்துடன்" என்று தலைப்பு. அந்தப் படத்தையும் தலைப்பையும் பார்க்கும் யாரும், உள்ளே அழைத்துப் போவார்கள் என்றுதான் புரிந்துகொள்வார்கள். அப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அந்தப் பக்கத்தை அமைத்திருக்கிறார்கள். "கட்டடத்தை வெளியிலிருந்து பார்வையிடுதல்" என்ற ஒரு வரி, விரித்தால் மட்டும் தெரியும் நிபந்தனைகளுக்குள் எங்கோ கிடந்தது.

போன நாளில் காலையிலிருந்தே விடாத மழை. எங்களுக்குச் சொல்லியிருந்த இடத்தில் நிழற்குடை இல்லை, ஒதுங்கக் கடையோரமும் இல்லை. மாடி பஸ் வந்தது. மேல்தளம் திறந்தவெளி, மழைக்கு எல்லோரும் இறங்கிவிட்டதால் கீழ்த்தளத்தில் நிற்கக்கூட இடமில்லை. "மேலே போங்கள், இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருங்கள்" என்றார் ஓட்டுநர். முழங்கால் வலியோடு அப்பா அந்தக் குறுகிய படியில் ஏறி, ஈரமான இருக்கையில் பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அந்த மழைக்கோட்டுக்கும் தனியாகக் காசு வாங்கினார்கள்.

பஸ் இறக்கிவிட்ட பிறகு நடந்து சுற்றிக்காட்டும் பகுதி. வழிகாட்டி மரியாதையான இளைஞர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. செஸ்ட்நட் தெருவில் ஹாலுக்கு எதிர்ப்புறம் குடையோடு எங்களை நிறுத்தி வரலாற்றைச் சொன்னார். முடித்ததும், "உள்ளே எப்போது போகிறோம்?" என்று அம்மா கேட்கச் சொன்னார். கேட்டேன். உள்ளே போவது தங்கள் டூரில் சேராது என்றும், அதற்குப் பூங்காத் துறையின் நேரம் குறித்த டிக்கெட் வேண்டும் என்றும், அன்றைக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் வழிகாட்டி சொன்னார். ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் பூங்காத் துறை ஊழியரான ரேஞ்சர் அழைத்துப் போகும் சுற்றில் மட்டும்தான் அந்த மண்டபத்தைப் பார்க்க முடியும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆள் கணக்கு உண்டு. எந்தத் தனியார் கம்பெனியும் அந்தக் கணக்கை மீறி யாரையும் உள்ளே கொண்டுபோக முடியாது. இது தெரிந்தே அந்தப் படத்தைப் போட்டு விற்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

"விடும்மா, வெளியிலயாவது பாத்தாச்சே" என்றார் அப்பா. அவருக்காகத்தான் அவ்வளவு தூரம் போனதே. அரசியல் சாசன மாநாட்டில் வாஷிங்டன் உட்கார்ந்த, முதுகில் பாதிச் சூரியன் செதுக்கிய நாற்காலி இன்றும் அந்த அறையில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்று புறப்படும் முன்பே சொல்லியிருந்தார்.

லிபர்ட்டி பெல்லுக்கும் "வரிசையில் நிற்காமல் அனுமதி" என்று அந்தத் தளத்தில் போட்டிருந்தது. அப்படி ஒன்று இல்லவே இல்லை. பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை ஒன்றுதான். எல்லோரும் அதில்தான் நிற்கிறார்கள், அதுவும் வெட்டவெளியில். நாங்களும் நனைந்துகொண்டே நின்றோம். உள்ளே போய் 900 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த மணியையும் அதன் விரிசலையும் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் அன்றைய நாளின் ஒரே நல்ல நேரம். அதற்கு அந்தக் கம்பெனியின் தயவு எதுவும் தேவைப்படவில்லை.

தனியார் வழிகாட்டிகள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய நகரத்தின் சந்துகளை நடந்து சுற்றிக் காட்டி நன்றாகக் கதை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்புக்குப் பணம் கொடுப்பது நியாயம். ஆனால் "ஹாலுக்குள் அனுமதி உண்டா, அதற்கு எந்த நேரத்து டிக்கெட்?" என்று எழுத்தில் கேளுங்கள். நேரடியாகப் பதில் வராவிட்டால் வேண்டாம். ஹால் டிக்கெட்டை ரிக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) என்ற அரசுத் தளத்தில் நீங்களே எடுத்துவிடலாம். முகவரி டாட் கவ் என்று முடிகிறதா என்று பாருங்கள். டாட் காம், டாட் ஆர்க் என்று முடிந்தால், பெயரில் எத்தனை முறை இண்டிபெண்டன்ஸ் வந்தாலும் அது அரசுத் தளமல்ல. விடுதலை அறிவிப்பின் 250ஆம் ஆண்டு என்பதால் 2026இல் கூட்டம் வழக்கத்தை விட அதிகம். சீக்கிரமே எடுத்து வையுங்கள். நேரத்துக்கு அரைமணி முன்பாகவே பாதுகாப்புச் சோதனைக்குப் போய்விடுங்கள்.

மழை நாளில் பஸ் மாடியில் நனைய வேண்டிய அவசியமே இல்லை. ஹாலை ஒட்டியே காங்கிரஸ் ஹால் இருக்கிறது. 1790 முதல் 1800 வரை ஃபிலடெல்ஃபியா தலைநகராக இருந்தபோது நாடாளுமன்றம் கூடிய கட்டடம் அது. 1797இல் ஜான் ஆடம்ஸ் அதிபராகப் பதவியேற்றதும் அங்கேதான். 1774இல் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபையான முதல் காண்டினென்டல் காங்கிரஸ் கூடிய கார்ப்பென்டர்ஸ் ஹால் சில நிமிட நடை, அதற்கும் கட்டணமில்லை. வார நாளாக இருந்தால் நாணயச் சாலையில் காசு அச்சடிப்பதைக் கண்ணாடி வழியாக இலவசமாகப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். நேஷனல் கான்ஸ்டிடியூஷன் சென்டருக்குக் கட்டணம் உண்டு, ஆனால் வயதானவர்கள் நனையாமல் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க ஏற்ற இடம். பசித்தால் 1893இலிருந்து நடக்கும் ரீடிங் டெர்மினல் மார்க்கெட். முழுக்கக் கூரையின் கீழ். நாங்கள் கடைசியில் அங்கேதான் போய் ஈரம் உலர்த்தினோம்.

பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு "மழையானாலும் வெயிலானாலும் டூர் நடக்கும், பணம் திரும்பத் தரப்படாது" என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். நான் மழைக்காகக் கேட்கவில்லை, விற்றதைத் தரவில்லை என்றுதான் கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. பிறகு கிரெடிட் கார்டு வங்கியில் முறையீடு செய்தேன். அமெரிக்காவில், ஒப்புக்கொண்டபடி தராத சேவைக்கான கட்டணத்தை, அது இடம்பெற்ற முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்து மூலம் மறுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. டெபிட் கார்டுக்கு இதே பாதுகாப்பு கிடையாது, அதனால் இப்படிப்பட்டவற்றுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். கம்பெனி தன் நிபந்தனைகளைக் காட்டி வாதாடியது. பணம் கட்டும்போதே என் மகள் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள், உட்புறப் படமும் தலைப்பும் விலையும் ஒன்றாகத் தெரியும்படி. வங்கி அதைப் பார்த்துத்தான் 295 டாலரையும் திருப்பிப் போட்டது.

நுகர்வோர் புகார்களை வாங்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனிலும், பென்சில்வேனியா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் புகார் பதிந்திருக்கிறேன். இரண்டையும் இணையத்திலேயே செய்யலாம், செலவில்லை. இதே மாதிரி பணம் கொடுத்தவர்கள் இங்கே இருந்தால், வங்கி பணத்தைத் திருப்பித் தந்திருந்தாலும், நீங்களும் புகார் கொடுங்கள்.