பரண் வியர்த்தால்: அடைப்பதா, காற்றோட்டமா, மின்விசிறியா?

பரணில், அதாவது கூரைக்கும் அறைகளின் மேல்தளத்துக்கும் இடையிலுள்ள வெளியில், கூரைப் பலகையின் உட்புறம் நனைந்திருந்தால், அது ஒழுகலா வியர்வையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மழைக்குப் பின் ஓரிடத்தில் மட்டும் கறை படர்ந்தால் பெரும்பாலும் ஒழுகல். குளிர்ந்த விடியலில் ஆணி முனைகள் எல்லாவற்றிலும் துளி நின்றால் வியர்வை. 21° செல்சியஸில் 50% ஈரப்பதமுள்ள வீட்டுக் காற்றின் பனிநிலை சுமார் 10°. அதைவிடக் குளிர்ந்த பலகையில் அந்தக் காற்று பட்டாலே நீர் கோத்துக்கொள்ளும்.

பலரும் முதலில் நாடுவது காற்றுத் துவாரங்கள். பரணின் தரைப்பரப்பில் 150-ல் ஒரு பங்கு திறப்பு என்பது பழகிய கணக்கு. பாதி கூரை விளிம்பின் அடியிலும் பாதி முகட்டருகிலும் அமைந்தால் 300-ல் ஒரு பங்கு போதும். 100 சதுர மீட்டர் பரணுக்குச் சுமார் 0.33 சதுர மீட்டர். பூச்சிவலை மறைக்கும் இடத்தைக் கழித்த நிகரப் பரப்பு இது. செலவில்லாமல் தானாக இயங்கும் வழிதான். ஆனால் விளிம்புத் துவாரத்தை இன்சுலேஷன் (பரண் தரையில் விரிக்கும் வெப்பத்தடுப்பு) மூடிவிட்டால் எல்லாம் வீண். தடுப்புத் தகடு வைத்து, பலகைக்கு அடியில் குறைந்தது 25 மில்லிமீட்டர் சந்து விட வேண்டும்.

இருந்தாலும் நம் ஓட்டு, கீழிருந்து ஈரம் ஏறும் வழிகளை அடைப்பதற்கே. பரணில் ஏறும் கதவு, குழாயும் ஒயரும் நுழையும் ஓட்டைகள், கூரைவிளக்குக் குழிகள்: திருட்டு வழிகள் இவைதான். இன்சுலேஷனை விலக்கினால், அழுக்கைப் பிடித்துக் கறுத்த இடங்கள் காற்று கசிவதைக் காட்டிக்கொடுக்கும். சிறு இடுக்குக்கு ஃபோம் ஸ்ப்ரே. பெரியதற்குப் பலகை வெட்டிப் பதித்து ஓரத்தில் சீலன்ட். கதவுக்கு ரப்பர் பட்டை. புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஃபோம் கூடவே கூடாது: தகரமும் வெப்பம் தாங்கும் சீலன்ட்டும்தான். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் பரணுக்குள்ளேயே காற்றைக் கக்கினால், மற்ற எல்லா வேலையும் ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுதான். அதன் குழாயை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் முடித்து, இன்சுலேஷனும் சுற்றுங்கள். இல்லையேல் குழாய்க்குள்ளேயே நீர் கோத்துத் திரும்பச் சொட்டும்.

பரணில் மின்விசிறி வைப்பது ஆசை காட்டி மோசம் செய்யும். துவாரம் போதாவிட்டால் அது வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக் காற்றையே இடுக்குகள் வழியாக மேலே உறிஞ்சும். கீழே காஸ் ஹீட்டர் இருந்தால் அதன் புகையைக்கூட வீட்டுக்குள் திருப்பிவிடலாம். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியுமிடிஃபையரும் துவாரமுள்ள பரணில் வெளியுலகையே உலர்த்த முயன்று ஓடிக்கொண்டிருக்கும். கடுங்குளிரில் அதன் சுருளில் பனி உறையும்.

துவாரங்களை மூடி, பலகையின் அடியில் ஸ்ப்ரே ஃபோம் அடித்துப் பரணையே வீட்டின் உட்பகுதியாக்குவது ஐந்தாவது வழி. செலவு மிக அதிகம். ஏசி குழாய்கள் பரணில் ஓடும் வீட்டுக்கு ஏற்றது. புழுக்கமான இடங்களில் துவாரம் உள்ளே விடும் ஈரக் காற்று, குளிர்ந்த அந்தக் குழாய்களின் மேலேயே நீர் கோக்கும். மூடிய பின் ஒழுகல் வெளியே தெரியாது. எனவே மரத்தின் ஈரத்தை மீட்டரில் அளந்து, 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே ஃபோம் அடிக்கச் சொல்லுங்கள்.